போராட்டப் பாடல்களை ஆய்வு செய்து பிழைக்க முடியுமா? கானா, பிஎச்.டி., வேலை பற்றி ஒரு கேள்வி

வியாசர்பாடி வாசகி

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறேன். பிஎச்.டி. செய்ய ஆசை. தலைப்பும் மனதில் இருக்கிறது, அதனால்தான் பிரச்சினையே.

எங்கள் பகுதியில் சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுவார்கள். செத்தவரின் வாழ்க்கை, அம்மா பாசம், தெருவில் நடந்த சண்டை, ஜெயில் என எல்லாம் அதில் வரும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல் நிகழ்ச்சி நடத்தியது, அதன் பிறகு அதே கானா இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் ஆணவக் கொலையையும் பற்றி மேடையில் பேச ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: சாவு வீட்டிலிருந்து அரசியல் மேடைக்கும் யூடியூபுக்கும் போகும்போது அந்தப் பாட்டுக்கு என்ன ஆகிறது? யார் பாடுகிறார்கள், யார் கேட்கிறார்கள், காசு யாருக்குப் போகிறது?

இதைச் சொன்னால் எங்கும் வாசல் திறக்கவில்லை. சமூகவியல் பேராசிரியர் ஒருவர் பாட்டு ஆராய்ச்சி என்றால் தமிழ்த் துறைக்குப் போ என்றார். தமிழில் கேட்டேன், இசைத் துறைக்குப் போகச் சொன்னார்கள். இசைத் துறையில் முதல் கேள்வியே எத்தனை வருடம் கர்நாடக சங்கீதம் கற்றாய் என்பதுதான். நான் கற்கவில்லை. பாடவும் வராது.

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், தம்பி டிப்ளமோ படிக்கிறான். ஐந்து வருடம் சம்பாதிக்காமல் இருக்க வழியில்லை. இந்தத் தலைப்பில் எந்தத் துறையில் சேரலாம், உதவித்தொகை உண்டா, முடித்தால் வேலை உண்டா? வெளிநாடு போகச் சொல்கிறார்கள், அது நம்மால் ஆகிற காரியமா? இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நல்ல வார்த்தை மட்டும் வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

வாம்மா. நான் நாட்டார் வழக்காற்றியலில், அதாவது நாட்டுப்புறவியலில், பிஎச்.டி. முடித்து ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன், அதனால் வேலை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் "வெகுசன இசை ஆய்வு" என்று ஒரு துறை கிடையாது. ஆகவே நீ ஏற்கனவே இருக்கும் துறை ஒன்றின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். என் கருத்து: சமூகவியலை விடாதே. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கள ஆய்வு கற்றுக்கொள்ள இவை அருமையான இடங்கள், போய்ப் பழகு, கருத்தரங்குகளில் உட்கார். ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கு அறிவிப்பு வரும்போது பாடவாரியாகத்தான் இடம் வரும். அந்தப் பட்டியலில் நாட்டார் வழக்காற்றியல் என்ற பெயர் வருவது மிக அரிது. எம்.ஏ. ஒரு பாடம், பிஎச்.டி. வேறு பாடம் என்றால் இரண்டும் இணையான பாடம்தான் என்று இணைச் சான்று கேட்டு அலைய விடுவார்கள். நான் அலைந்திருக்கிறேன். சமூகவியலில் எம்.ஏ., சமூகவியலில் பிஎச்.டி., தலைப்பு மட்டும் கானா என்று இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பேராசிரியர் மறுத்தால் வேறு நெறியாளரைத் தேடு. நகர்ப்புறச் சமூகவியல், சாதி, உழைப்பு என்று வேலை செய்கிறவர்களிடம் போ. "பாட்டு பற்றி" என்று ஆரம்பிக்காதே. "வடசென்னையில் நிகழ்த்துகலைத் தொழிலாளர்களின் உழைப்பும் வருமானமும்" என்று ஆரம்பித்துப் பார், முகம் மாறும். நீ கேட்ட கேள்வியிலேயே அது இருக்கிறது, பொய்யாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

காசு. யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வாங்கிவிடு. முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, கூட வீட்டு வாடகைப் படி. ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு இதை இப்படியே சொல், பயம் பாதி குறையும். 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள், ஆக எப்படியும் எழுதத்தான் வேண்டும். ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை போன்றவை உண்டு, உனக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள். இவற்றில் பணம் சில சமயம் மாதக்கணக்கில் தள்ளி வரும், அதற்கும் தயாராக இரு.

முடித்த பிறகு? நிரந்தர வேலை கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே 57,700. கிடைக்கும்வரை என்னைப் போல ஆண்டுக்கு 11 மாதச் சம்பளத்தில் ஓட்ட வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், மே மாதம் வேறு வேலை பார்க்க வேண்டும். இதை மறைத்து உன்னை உள்ளே இழுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த வழியில் யாரும் போனதில்லை என்று நினைத்துவிடாதே. கே.ஏ. குணசேகரனைப் படி. இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் வறுமையில் பிறந்தவர், நாட்டுப்புற இசையையும் ஆட்டத்தையும் ஆய்வு செய்தவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராக இருந்தார், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அதே மனிதர்தான் கவிஞர் இன்குலாப் எழுதிய "மனுசங்கடா" பாட்டை ஊர் ஊராகப் பாடி, அதை ஒரு இயக்கத்தின் குரலாக்கினார். கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த கொடுமையின் சூடு அந்தப் பாட்டில் இருக்கிறது. 2016ல் இறந்துபோனார். பகலில் வகுப்பு, இரவில் மேடை என்று இருந்ததால் அவருடைய ஆய்வு எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. பாடுகிறவன் மூச்சை எங்கே பிடிக்கிறான் என்று தெரிந்தவர் எழுதிய எழுத்து அது. உனக்குப் பாட வராவிட்டாலும் பரவாயில்லை, சாவு வீட்டில் உட்கார்ந்து கேட்ட காது இருக்கிறது.

தூரதேசி

அமெரிக்காவில் இன இசையியலில், அதாவது இசையை மக்கள் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும் துறையில், ஆய்வு மாணவி நான், சொந்த ஊர் திருவள்ளூர். வெளிநாடு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உன் கேள்விக்கு இங்கே ஐம்பது ஆண்டுக்கு மேலான வரலாறு இருக்கிறது. ஆர். செர்ஜ் டெனிசாஃப் என்று ஒரு சமூகவியலாளர், அமெரிக்க இடதுசாரிகளின் பாட்டுகளை ஆய்வு செய்தவர். 1971ல் ஓஹையோவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு வெகுசன இசைக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கினார். அவரும் இசைத் துறையில் இல்லை, சமூகவியல் துறையில்தான் இருந்தார்! அந்தப் பல்கலைக்கழக நூலகம் 1960களின் கடைசியிலேயே பாப் ரிக்கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது, மற்ற இடங்களில் அதைக் குப்பை என்று நினைத்த காலத்தில். வெகுசன இசை ஆய்வாளர்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 1981ல்தான் வந்தது. ஆக உன் பேராசிரியர்கள் உன்னைத் துறை துறையாக அலைக்கழிப்பது புதுக் கதை இல்லை, இந்தத் துறை பிறந்த விதமே அப்படித்தான்.

டெனிசாஃப் போராட்டப் பாட்டுகளை இரண்டாகப் பிரித்தார். வெளியில் நிற்பவனை இயக்கத்துக்குள் இழுத்து, உள்ளே இருப்பவர்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் பாட்டு ஒன்று. அநியாயத்தைச் சுட்டிக்காட்டும், கோபப்படும், ஆனால் என்ன செய்யலாம் என்று சொல்லாத பாட்டு இன்னொன்று. முதல் வகை ஊர்வலத்தில் பிறக்கும், இரண்டாம் வகை ரேடியோவில் நன்றாக ஓடும். இதைவிட எனக்குப் பிடித்த வேலை அவர் இன்னொருவரோடு சேர்ந்து செய்தது. 1965ல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன ஒரு போர் எதிர்ப்புப் பாட்டை எடுத்துக்கொண்டு, அதைக் கேட்ட மாணவர்களிடம் போய் இந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். முழுவதும் சரியாகச் சொன்னவர்கள் சிறுபான்மைதான். பலருக்கு வரி பாதி புரிந்தது, பலருக்குத் தாளமும் மெட்டும்தான் பிடித்திருந்தது. யோசித்துப் பார், பாட்டு வரிகளை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டு "இதில் எதிர்ப்புக் குரல் ஒலிக்கிறது" என்று இருநூறு பக்கம் எழுதும் ஆய்வேடுகள் எத்தனை! கேட்டவனிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. நீ கேள். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் நிகழ்ச்சிக்கு வந்த ஐ.டி. பையனையும், வியாசர்பாடிப் பையனையும், மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கி தூக்கிய ஆளையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள். அந்த ஒரு அத்தியாயம் போதும், ஆய்வு நிலைத்து நிற்கும்.

தமிழுக்கே வந்தால், ஸோயி ஷெரினியன் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும், அவர் கிராமிய மெட்டுகளில் தலித் விடுதலைப் பாட்டுகள் அமைத்ததைப் பற்றி 2014ல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். பறை பற்றி ஆவணப்படமும் எடுத்திருக்கிறார். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் 1960களிலிருந்தே தென்னிந்திய இசைக்குப் பேர்போன இடம், ஆனால் அங்கே நீண்டகாலம் அந்தப் பெயர் கர்நாடக இசைக்குத்தான். கானாவுக்கு அந்த அளவு வேலை நடக்கவில்லை. உனக்கு இடம் இருக்கிறது.

பணம் பற்றி. அமெரிக்காவில் நல்ல பிஎச்.டி. இடம் என்றால் கட்டணமும் வாங்க மாட்டார்கள், வகுப்பு எடுக்க உதவுவதற்கு மாதத் தொகையும் தருவார்கள், பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு. அப்படித் தராத இடத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு வராதே, தயவுசெய்து வராதே. விண்ணப்பக் கடைசி நாள் டிசம்பரைச் சுற்றி இருக்கும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மின்னஞ்சல் போட்டால் பல இடங்களில் செய்வார்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று, இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கானது. 2022ல் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி அது கிடையாது என்றார்கள். அதாவது சாதியை அனுபவித்தவர் வெளிநாடு போய்ச் சாதியைப் படிக்க அந்தப் பணம் உதவாது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விதிமுறையை வரிக்கு வரி படித்துவிடு. தமிழ்நாடு அரசுக்குத் தனியாக அயலகக் கல்வித் திட்டம் இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத் துறையில் கேட்டுப் பார்.

எதிர்த்தாளம்

நடுவில் ஒரு மாற்றுக் கருத்து. கானாவை மொத்தமாகப் "போராட்ட இசை" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நானும் வடசென்னைதான், புளியந்தோப்பு. கானாவில் காதல் தோல்வி இருக்கிறது, கால்பந்து இருக்கிறது, நண்பனைப் புகழ்வது இருக்கிறது, பெண்களை மட்டமாகப் பேசும் பாட்டும் நிறைய இருக்கிறது, அரிவாளைப் புகழும் பாட்டும் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு அம்பேத்கர் பெயர் வரும் பாட்டை மட்டும் பொறுக்கி எடுத்து ஆய்வு என்று சொன்னால் அது எங்களைப் பற்றிய ஆய்வு ஆகாது, படித்தவர்கள் பார்க்க விரும்பும் எங்களைப் பற்றிய ஆய்வு. செத்தவனுக்காக ராத்திரி முழுக்கப் பாடுகிறவன் அன்றைக்கு யாரையும் எதிர்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா அழுது தீர்க்கட்டும் என்று பாடுகிறான். அந்த வேலைக்கும் மரியாதை இருக்கிறது, அதற்கு அரசியல் சட்டை போட்டுத்தான் மரியாதை தர வேண்டும் என்றில்லை.

கானா பாடகி இசைவாணி மேடை ஏறியபோது எத்தனை பேர் பொம்பளை கானா பாடலாமா என்று கேட்டார்கள்? அப்படிக் கேட்டதில் எங்கள் ஆட்களும் உண்டு. 2020ல் பிபிசி 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்த பிறகு அதே வாய்கள் பெருமை பேசின. எதிர்ப்பு என்று ஒன்று இருந்தால் அது கானாவுக்கு உள்ளேயும் நடக்கிறது, இதையும் எழுதத் தைரியம் இருந்தால் எழுதுங்கள்.

நெல்லைச்சீமை

எதிர்த்தாளம் சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். செத்தவனுக்குப் பாடும் பாட்டு எதிர்ப்பே இல்லை என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். ஊர் மதிக்காத ஒரு மனிதனின் பெயரையும் தொழிலையும் தெருவையும் சொல்லி விடிய விடியப் பாடுவது சாதாரணக் காரியமா? அவன் வாழ்க்கையும் பாடத் தகுந்தது என்று சொல்வதுதானே அது? பாடகருக்கு அந்த எண்ணம் இருக்கிறதா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும், நீங்களோ நானோ தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆய்வுக்கு நல்ல கேள்வியே இங்கேதான் இருக்கிறது: எந்தப் பாட்டு, எந்த இடத்தில், யார் முன்னால் பாடும்போது எதிர்ப்பாகிறது?

பாடகர் கோவனை எடுத்துக்கொள்ளுங்கள். ம.க.இ.க. (மக்கள் கலை இலக்கியக் கழகம்) மேடைகளில் அவர் எத்தனையோ காலமாகப் பாடிக்கொண்டிருந்தார். 2015 அக்டோபர் கடைசியில் டாஸ்மாக் பாட்டுக்காகத் திருச்சியில் அவரைக் கைது செய்து 124ஏ தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் போட்ட பிறகுதான் அந்தப் பாட்டு இயக்கத்துக்கு வெளியே வீடு வீடாகப் போனது. வரி அதேதான், மெட்டும் அதேதான். அரசாங்கம் கை வைத்ததும் அது வேறு பாட்டாகிவிட்டது. வரிகளை மட்டும் ஆய்வு செய்கிறவருக்கு இது எப்படித் தெரியும்?

தப்புக்காரன்

தங்கச்சி, நான் பறை அடிக்கிறவன், தஞ்சாவூர்ப் பக்கம். படிப்பு பத்தாவது. இங்கே எல்லோரும் துறை, இதழ், உதவித்தொகை என்று பேசுகிறீர்கள். ஆய்வு செய்யப்படுகிற ஆள் யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குழுவிடம் ஆய்வு என்று வந்தவர்கள் பலர். நாள் முழுக்க அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள், தோல் காய்ச்சும் இடத்தில் நின்று படம் எடுத்தார்கள், எங்கள் தாத்தா சொன்ன அடி வகைகளை எல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஒரு பிரதி வரவில்லை. தாத்தா செத்தபோது அவர் அடித்த பதிவு ஒன்று கேட்டோம், இல்லை என்றார்கள். தப்பு, அதாவது பறை, அடிக்கிற எங்கள் கூட்டம் ஒருநாள் வேறு வேலைக்குப் போகாமல் உங்களோடு உட்கார்ந்தால் அன்றைய கூலி போகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நீ நல்ல பெண் என்று உன் எழுத்தில் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். சாவு வீட்டில் மைக்கை நீட்டாதே. பாட்டு முடிந்து, காரியம் எல்லாம் முடிந்து, ஆட்கள் வீட்டில் இருக்கும்போது போ. பேசுவதற்குக் கூலி கொடு, ஆய்வுப் பணத்தில் அதற்கு ஒரு கணக்கு வை. பதிவு செய்ததை அவர்களுக்கும் கொடு, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதும். பெயர் போடலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை கேள். சிலர் மேல் வழக்கு இருக்கும், சிலர் அரசாங்கத்தைத் திட்டிப் பாடியிருப்பார்கள், நீ எழுதும் பெயர் நாளைக்கு ஸ்டேஷனில் போய் நிற்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. எங்கள் ஆட்களில் பலர் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டார்கள். அடிக்காமல் விட்டதும் போராட்டம்தான், அதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிறகு வேறு பிள்ளைகள் அதே பறையை எடுத்து மேடையில் அடித்தார்கள், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்பிள்ளைகள் அடிக்கிறார்கள், பார்த்தால் உடம்பு சிலிர்க்கும். இப்போது நகரத்தில் வாரக் கடைசியில் பறைப் பயிற்சி வகுப்பு நடக்கிறது, கற்றுக்கொள்ள எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வருகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் சாவுக்கு அடிக்கக் கூப்பிடும்போது இன்னும் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வருகிறது. இதையும் யாராவது எழுத வேண்டும்.

முடிந்தால் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடிக்கக் கற்றுக்கொள். நன்றாக அடிக்க வேண்டியதில்லை. கை வலித்தால் கேட்கிற கேள்வி மாறும்.

வியாசர்பாடி வாசகி

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. தப்புக்காரன் அண்ணா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், கூலி பற்றிய இடம் வந்தபோது சரியாகச் சொல்கிறார் என்றார். எதிர்த்தாளம் அண்ணா, பெண்களைப் பற்றிய பாட்டுகளை விட மாட்டேன், அவற்றைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

சமூகவியலிலேயே இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது இன்னொரு சந்தேகம். நெறியாளராக வர யோசித்துச் சொல்கிறேன் என்ற ஒரு பேராசிரியை, கானாவுக்கு எழுத்து ஆதாரமே இல்லையே, 2018க்கு முன்னால் என்ன வைத்து எழுதுவாய் என்று கேட்டார். பாட்டும் எதிர்ப்பும் சேர்ந்த பழைய விஷயங்களுக்கு ஆவணம் எங்கே கிடைக்கும்?

பழைய தட்டு

இது என் பேட்டை, விரிவாகவே எழுதுகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் இல்லை, வங்கியில் வேலை பார்க்கிறேன், கிராமபோன் தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் சேர்க்கிறேன்.

தமிழில் பாட்டும் அரசியலும் சேர்ந்த கதையை முதலில் ஒழுங்காக எழுதியவர்களில் ஒருவர் தியடோர் பாஸ்கரன். 1880 முதல் 1945 வரை நாடகமும் பாட்டும் சினிமாவும் தேசிய இயக்கத்தைச் சுமந்துபோன கதையை 1981ல் நூலாகக் கொண்டுவந்தார். அவர் கல்லூரி ஆசிரியர் இல்லை, அஞ்சல் துறை அதிகாரி, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக ஓய்வு பெற்றவர். வேலைக்குப் போய்க்கொண்டே ஆய்வு செய்யலாம் என்பதற்கு அவரை விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. நெட் கிடைக்காமல் போனால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? விஸ்வநாத தாஸ் என்று ஒரு நாடக நடிகர், சிவகாசிக்காரர், முடிதிருத்தும் மருத்துவர் சாதியில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்கச் சாதியைச் சொல்லி மறுத்த நடிகைகள் இருந்தார்கள். வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வரும், அதில் கொக்கு பறக்குதடி பாப்பா என்று பாடுவார். கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், வாசலில் நின்ற போலீசுக்கும் தெரியும். திரும்பத் திரும்பக் கைதானார். 1940 கடைசி நாளில் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் போனது. காங்கிரஸ் மேடையில் பேச முடியாத சேதியைப் புராண நாடகத்துக்குள் ஒளித்துப் பாடிய அந்த மனிதருக்கு இன்னும் தமிழ் இசை வரலாற்றில் சரியான இடம் இல்லை என்பது என் மனக்குறை.

இதற்கெல்லாம் ஆதாரம் எங்கிருந்து வந்தது? பாதி போலீஸ் வைத்திருந்த கோப்புகளிலிருந்து. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே ரகசியக் கோப்புகள், தடை செய்யப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் பற்றிய அரசாணைகள், சுதேசிப் பத்திரிகைகளில் என்ன வந்தது என்று வாரா வாரம் வெள்ளைக்காரனுக்குத் தயாரித்துக் கொடுத்த அறிக்கைகள் எல்லாம் உண்டு. பாட்டைக் கண்டு பயந்தவன்தான் அதைக் கவனமாக எழுதி வைத்திருக்கிறான். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, 1994ல் தொடங்கியது, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த புத்தகங்களிலிருந்து உருவானது. நாடகப் பாட்டுப் புத்தகங்கள், குஜிலி என்ற பழைய சென்னைக் கடைத்தெருவில் விற்ற காலணாப் பாட்டுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அங்கே பார்க்கலாம். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, வெள்ளச் சிந்து என்று நகரத்தில் நடந்ததை உடனுக்குடன் பாட்டாக்கி விற்ற அந்தக் குஜிலிப் பாட்டுகளைக் கானாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். நேரடி வாரிசு என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் ஒரே நகரத்தின் ஏழைகள் நடப்பைப் பாட்டில் பதிந்த விதம் என்று பார்த்தால் உங்கள் பேராசிரியைக்கு ஒரு பதில் கிடைக்கும்.

பேசியதும் பாடியதும் வேண்டுமென்றால் குருகிராமில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் இன இசையியல் காப்பகம் இருக்கிறது, 1982ல் தொடங்கியது, பல ஆய்வாளர்களின் களப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. ஆனால் 1980, 90களின் கானாவுக்கு உண்மையான காப்பகம் வடசென்னை வீடுகளின் பரண்தான். கேசட்டுகள். கல்யாண மண்டபத்துக்கும் சாவு வீட்டுக்கும் மைக்செட் போட்டவர்கள், ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்கள், அவர்களைத் தேடிப் பிடியுங்கள். நாடாவில் பூஞ்சை வந்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா உரிந்துவிடும், முதலில் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு கேசட்டிலும் யார் பாடியது, யார் சாவுக்கு, எந்த ஆண்டு என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டு அங்கேயே எழுதுங்கள். அந்தத் தலைமுறை இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

தூரதேசி

பழைய தட்டு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், காசு யாருக்குப் போகிறது என்ற உன் கேள்விக்கு. 2021ல் பாடகர்கள் அறிவும் தீயும் பாடிய எஞ்சாய் எஞ்சாமி கோடிக்கணக்கில் ஓடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. அதே ஆண்டில் ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அவர் படம் இல்லாமல் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது பெரிய சர்ச்சை ஆனது. 2024ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து எங்களுக்குக் காசே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நிலத்தை இழந்தவர்களைப் பற்றிய பாட்டில் பாட்டுக்காரர்கள் தங்கள் உரிமைக்காக நிற்க வேண்டி வந்தது. இது உன் ஆய்வுக்கு நேராகப் பொருந்தும். ஒப்பந்தம் என்ன, யூடியூப் வருமானம் யார் கணக்குக்குப் போகிறது, உரிமை யார் பெயரில் என்று பாடகர்களிடம் கேட்கும் அத்தியாயம் ஒன்று கட்டாயம் வை. சிறிய கானா சேனல்களில் பாடும் பையன்களுக்கு இதைக் கேட்க ஆளே இல்லை.

வியாசர்பாடி வாசகி

எழும்பூர் காப்பகத்துக்கு அனுமதிக் கடிதம் வேண்டுமாம், துறையில் கேட்டிருக்கிறேன். டிசம்பர் நெட்டுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டேன், முதல் தாள்தான் பயமாக இருக்கிறது. எங்கள் தெருவில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் மூன்று பெட்டி கேசட் இருக்கிறதாம். அவற்றை எண்மப்படுத்த நல்ல கேசட் டெக் எங்கே கிடைக்கும், பழைய தட்டு அண்ணா? மூர் மார்க்கெட்டில் பார்க்கலாமா?

பழைய தட்டு

மூர் மார்க்கெட்டில் கிடைக்கும், ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ரிச்சி தெருவில் பெல்ட் மாற்றித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் அவசரம் என்றால் என்னிடம் வேலை செய்கிற டெக் ஒன்று இருக்கிறது, தனிச்செய்தி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேசட் அவர் கையை விட்டுப் போக வேண்டாம்.